அரை பிஸ்கட் வார்டர்

தட்டிக்கொடுத்தே திருத்துகிறவர் என்று ஓர் இனம் உண்டு. அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், சும்மாவும் இருக்க மாட்டார். எங்கேயோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழும் ஒரு புன்சிரிப்பும் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு மனுஷனே தெரியாது, அவன் இன்னும் ஏற வேண்டிய படிகள்தான் தெரியும்.

நம்ம சிறை வார்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் அறைக் கைதி மொட்டை, போர்வையை மடிக்கவே மாட்டான். பத்து நாளில் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். அந்தப் போர்வை மடிந்திருந்தால் இவருக்குத் தலைமை வார்டர் பதவி. அதட்டினால் ஒரு நிமிட வேலை. இவர் அதட்டுகிற ஆளா?

மொட்டை போர்வையைப் பார்த்தான். அதற்கே வார்டர் கையிலிருந்து அரை பிஸ்கட். மறுநாள் தொட்டான். அரை பிஸ்கட். மூன்றாம் நாள் ஒரு மூலையைத் தூக்கினான். "அடடா, பிரமாதம்டா!" அரை பிஸ்கட். நாலாம் நாள் மறுபடி வெறுமனே பார்த்தான்.

"என்னடா, நேத்து தூக்கினியே?"

"நீங்க தடியைத் தட்டிக்கிட்டு வந்தீங்கல்ல சார், மனசு மிரண்டுபோச்சு."

அடுத்த நாள் தடியில்லாமல் வந்தார். மொட்டை எழுந்து சல்யூட் வைத்தான். அதற்கடுத்த நாள் பூட்ஸ் சத்தமே இல்லாமல் வந்தார். சல்யூட்டோடு ஒரு சிரிப்பும் கிடைத்தது. வார்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆள் வழிக்கு வருகிறான்!

"எப்படின்னு ஒரு தடவை மடிச்சுக் காட்டுங்க சார்."

காட்டினார்.

"என்ன கைவாகு சார் உங்களுக்கு!"

மறுநாள் கேட்காமலே காட்டினார்.

பெரிய அதிகாரி ஏழாம் அறை வாசலில் வந்து நின்றபோது, வார்டர் முட்டி போட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, நாலாவது மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மொட்டை, "அப்படித்தான் சார், பிரமாதம்!" என்று, சேர்த்துவைத்திருந்ததில் ஓர் அரை பிஸ்கட்டை நீட்டினான். இவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுல யாருய்யா வார்டர்?" என்றார் அதிகாரி.

பதவி அந்தப் பிஸ்கட்டோடு கரைந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவ ஆரம்பித்தது எந்த நாளிலிருந்து? "அட, நீங்களேவா? என்ன பளபளப்பு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததே, அன்றிலிருந்துதானே? அப்புறம் டீயோடு ஒரு பிஸ்கட்டும் வந்திருக்குமே.

அது முழுசா, பாதியா?