டிஷ்ஷைத் திருப்பிய படலம்

இனிமேல் எந்த மெக்கானிக்கும் என் வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று நான் சூளுரைத்தபோது, இறுதி ஆட்டம் தொடங்க அரை மணிதான் இருந்தது.

டிவியில் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து. அதுகூடத் தெரியாத மடையனா நான்? கம்பெனிக்கு போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது ஒரு குரல். அழுத்தியதில் என் ரத்த அழுத்தம்தான் ஏறியது. மெக்கானிக்கே வேண்டாம் என்று சூளுரைத்தது அப்போதுதான்.

அடாப்டரைப் பிடுங்கிச் செருகினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"கரண்ட் இருக்கு. சிக்னல்தான் இல்ல!" என்று உறுமிக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் கையை விட்டேன்.

"ஐயோ, ஷாக் அடிக்கும்!" என்று பதறினாள் மனைவி. "நேத்து அடிச்ச காத்துல மேல டிஷ்தான் திரும்பியிருக்கும். போய்ப் பாருங்க."

ஸ்பேனரோடு மொட்டைமாடிக்குப் பாய்ந்தேன். டிஷ்ஷைத் தட்டினேன். தட்டிக் கொடுத்தேன். தட்டுத் தடுமாறித் திருப்பினேன்.

"வந்துச்சா?"

"வரல!"

"இப்ப?"

"வரல!"

"இப்பவாவது வந்துச்சாடி?"

"பக்கத்து வீட்டுக்காரர் வந்தாரு. என்ன சத்தம்னு கேட்டுட்டுப் போயிட்டாரு!"

எனக்குக் காது வழியாகப் புகை வந்தது.

"ஏங்க, டிஷ்ஷுக்கு முன்னாடி ஏதாவது மறைக்குதா?"

மறைக்காமல்? உடைந்த பீரோக் கதவு, கால் போன நாற்காலி, என்றைக்காவது உதவும் என்று நான் சேர்த்து வைத்த பலகைகள்.

"எல்லாத்தையும் இறக்குங்க! குப்பை வண்டி வாசல்லதான் நிக்குது!"

திட்டிக்கொண்டே சுமந்தேன். சுமந்துகொண்டே திட்டினேன்.

"கட்டம் கட்டமாத் தெரியுதுங்க! அந்தச் சருகையும் பெருக்கிட்டா சரியாயிடும்!"

"சருகுக்கும் சேட்டிலைட்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

"உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் என்ன சம்பந்தம் இருந்துச்சு? பண்ணிக்கலையா? பெருக்குங்க!"

பெருக்கினேன். கடைசிச் சருகை அள்ளும்போது, "வந்துருச்சு!" என்று கூவினாள்.

தலைதெறிக்க இறங்கி ஓடினேன். ஆட்டம் முடிந்திருந்தது. கோப்பை எவன் கையிலோ. என் கையில் துடைப்பம்.

கத்துவதற்கு அவளைத் தேடிக் கொல்லைப்பக்கம் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டம்மாவிடம் அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பெட்டிக்குப் பின்னாடி கறுப்பு ஒயர் ஒண்ணு இருக்கும் பாருங்க அக்கா. லேசாத் தளர்த்தி விடுங்க, போதும். மூணு மாசமா நான் கெஞ்சினேன், மாடியைச் சுத்தம் பண்ணல. இன்னைக்கு ஒரே மூச்சுல முடிச்சுட்டார்."

"அடிப்பாவி!" என்று நான் அலறியது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அவள் அசரவில்லை. "கத்தாதீங்க. கையைக் கழுவிட்டு வாங்க, காபி தரேன்."

காபியை வாங்காமல் முறுக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சிவக்க வந்து நின்றார்.

"எங்க வீட்டுலயும் சிக்னல் போச்சு சார்! உங்க ஸ்பேனரைக் கொஞ்சம் குடுங்க."

நான் ஸ்பேனரோடு துடைப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.