அப்பா கை பட்ட டியூப்

நாலு பேர் முன்னால் அப்பாவைத் திட்டிய பெருமை எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் உண்டு. (அவர் திருமழிசையில் லேத் ஓட்டியவர். நான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. திமிருக்கு வேறு காரணம் வேண்டுமா?)

ஆராய்ச்சி ஆர்.என்.ஏ.வில். சோற்றைப் பிசைந்துகொண்டே வீட்டில் பாடம் எடுப்பேன். ஆர்.என்.ஏ. என்பது செல் தனக்கே எழுதிக்கொள்ளும் சீட்டு. சில சீட்டில் சின்னதாக ஒரு ரசாயனக் குறி வைக்கும். சீட்டை வைத்துக்கொள்வதா, கிழித்துப் போடுவதா என்பதில் அந்தக் குறிக்குப் பங்கு உண்டு. இன்ஸ்பெக்‌ஷனில் தேறின பீஸுக்கும் தேறாத பீஸுக்கும் பெயின்ட் குறி வைக்கிற மாதிரியா என்று கேட்டார் அப்பா. அதேதான். நான்தான் உதட்டைப் பிதுக்கினேன். தோலில் இருக்கும் நொதி பட்டாலே ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும், கிளவுஸ் போட்ட கையால் கண்டதையும் தொடக் கூடாது என்றும் அளந்துவிட்டேன்.

ஒரு நாள் நான் மறந்துபோன டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து வாசலில் நின்று போன் செய்தார். பேசிக்கொண்டே போய் லேபுக்குக் கூட்டிவந்தேன். அதற்குள் என் கைடு மேடம் கூப்பிட, போய்த் திரும்பினால், ஐஸில் இருந்த ஒரு ஆர்.என்.ஏ. டியூபின் மூடியை அப்பா அழுத்திக்கொண்டிருக்கிறார்.

"தெறந்து கீதும்மா, தூசு பூந்துடப் போவுதுன்னு..."

"அந்தக் கையால தொடுவியா? என் ஒரு வருஷ வேலை போச்சு!"

மேடமும் ஜூனியர்களும் பார்த்தார்கள். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிச்ச வேலையை முடித்தேன்.

மறுநாள் சோதித்தால் இருபது டியூபும் பாழ். அப்பா தொட்டது ஒரே ஒரு மூடி, அதுவும் வெளிப்பக்கம். நானோ போன் பேசிய அதே கிளவுஸோடு இருபதையும் கிண்டியிருக்கிறேன். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வெட்கம். ஆர்.என்.ஏ. மறுபடி எடுத்தேன், பட்டமும் வந்தது. அப்பா மட்டும் என் மேஜைப் பக்கம் வந்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அம்மாவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், அவருடைய கடைசி வாரத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகச் சொன்னேன். "அன்னிக்கு நீ இல்லப்பா. நான்தான்."

"தெரியும்மா. கிளவுஸோட போன் பேசிகினுதானே வந்த."

"ஏம்ப்பா சொல்லல?"

"நாலு பேர் எதிர்ல உன்னை எப்டிம்மா சொல்றது?"

இன்றும் வீட்டில் எது உடைந்தாலும், "அப்பா கை பட்டிருக்கும்" என்பான் தம்பி. சிரிப்போம். போன மாதம் மிக்ஸி ஜார் உடைந்தபோதும் சொன்னான். பட்டிருந்தா நல்லா இருக்கும்டா என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.