பெயரில்லாத துண்டு

உலகத்தில் தாழ்மைக்கு ஒரு தலைமையகம் உண்டென்றால், அது கொரியாவின் தேகு நகரில், எங்கள் கிறிஸ்தவ சபையின் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறது. லிஃப்ட் வசதி உண்டு.

எங்கள் சபையில் பெரிய மனிதராக யாருக்கும் ஆசையில்லை. எல்லோருக்கும் மூப்பராக மட்டும்தான் ஆசை. அதிலும் மா கியூசொக் ஐயா இரண்டு முறை தேர்தலில் நின்று, இரண்டு முறையும் தோற்று, ‘தாழ்மை’ அடைந்தவர். மூன்றாம் தேர்தல், ஒருவர் காலை ஒருவர் கழுவும் ஆராதனை முடிந்த கையோடு நடப்பதாக இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கால் துடைக்கத் துண்டு கொடுப்பதென்று ஐயா தீர்மானித்தார். துண்டுக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

எங்கள் ஊரில் கொடுப்பவர் பெயர் அச்சடிக்காத துண்டு துண்டே அல்ல. கடைக்கார அம்மா பேனாவை எடுத்தார்.

“என்ன பேரு போடணும்?”

“பேரெல்லாம் வேண்டாம்மா. ‘பெயரில்லாத ஊழியன்’னு மட்டும் போடுங்க. தங்க எழுத்துல. கொஞ்சம் பெருசா. கடைசி வரிசைக்கும் தெரியணும்ல?”

“பேரில்லன்னா குடுத்தது யாருன்னு எப்படிங்கய்யா தெரியும்?” என்றேன்.

“தெரியக் கூடாதுடா தம்பி. அதான் தாழ்மை.” குரலைத் தாழ்த்தினார். “நீ மட்டும் நாலு பேர் காதுல ரகசியமா போட்டு வை.”

ரகசியம் என்றால் எனக்கு உயிர். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆராதனையன்று நாற்காலிக்கு நாற்காலி தங்க எழுத்து மின்னியது. “யாரு, யாரு?” என்று ஒரே முணுமுணுப்பு. சமையற்கட்டு குவாக் அம்மாவின் காலை மா ஐயா கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில், வீட்டுக் கண்ணாடி முன் பழகிவந்த அடக்கம். பக்கத்துத் தொட்டியில் இன்னொருவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தவர், தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கும் பல் டாக்டர் பியோ.

“டாக்டரய்யா, துண்டு நீங்க குடுத்ததுதானே?” என்றார் குவாக் அம்மா.

பியோ கண்களைத் தாழ்த்தினார். “ஐயோ, அதெல்லாம் கேக்காதீங்கம்மா.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சபையே உருகிவிட்டது. இரண்டு பேர் அழுதார்கள்.

மா ஐயா துள்ளி எழுந்தார். “நான்தான்! அந்தப் பெயரில்லாதவன் நான்தான்! பேரு மா கியூசொக்!”

“காலைத் துடைச்சுட்டுக் கத்துங்கய்யா, குளிருது,” என்றார் குவாக் அம்மா.

“சகோதரரே, அடுத்தவர் புகழைத் திருடலாமா?” என்று கலங்கினார் போதகர்.

“கடையில உன்கிட்ட சொன்னேன்ல! தம்பி, சொல்லேன்டா!”

நான் அவர் கற்பித்த அடக்கத்தோடு தலைகுனிந்து நின்றேன்.

பியோ ஈரக் கையை மா ஐயாவின் தோளில் வைத்தார். “விடுங்க போதகரே. அவருக்கு அந்தப் பேரு வேணும்னா அவரே வெச்சுக்கட்டும்.”

தேர்தல் அந்த நொடியிலேயே முடிந்தது. வாக்குச்சீட்டு வெறும் சடங்கு.

மூப்பர் பியோ பதவியேற்றபோது எல்லோருக்கும் புதுத் துண்டு கிடைத்தது: முழுப் பெயர், பட்டம், பல் மருத்துவமனையின் தொலைபேசி எண். பழையவை கழிப்பறை வாசலில் கால்மிதி ஆயின. எங்கள் சபையில் எல்லோர் காலடியிலும் கிடக்கச் சம்மதித்தவை அவை மட்டுமே. போதகர் மிதிக்கிறார், மூப்பர் மிதிக்கிறார், நானும் மிதிக்கிறேன்.

மா ஐயா மட்டும் மிதிப்பதில்லை. எவ்வளவு அவசரமானாலும் தாண்டித்தான் போகிறார். பெயரில்லாவிட்டாலும், தன் பெயராயிற்றே.