கல்யாணப் பேண்ட்

"இன்னியிலேர்ந்து இந்த வீட்டுல யாரும் சும்மா படுத்துக் கிடக்கக் கூடாது!" என்று தையல்காரர் முழங்கினார். முழங்கியதென்னவோ உட்கார்ந்துகொண்டுதான்.

வீட்டின் முன்னறை தையல் கடை. பின்னறையில் சோபா. சோபாவில் பையன். பதினைந்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செல்போனோடு சாய்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். அப்பா வைத்த செல்லப் பெயர் திண்டு. அன்று விளையாட்டு ஆசிரியர் தையல்காரரைக் கூப்பிட்டனுப்பி, "மாடி ஏறினாலே உங்க பையனுக்கு மூச்சு வாங்குது. இந்த வயசுல தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாடணும். இப்பவே கொழுப்பு சேர்ந்தா பின்னாடி கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். தையல்காரருக்கு அவன் ஒரே பிள்ளை.

"என்னைப் பாருடா! கல்யாணத்துக்குத் தைச்ச பேண்ட். இன்னிக்கும் கொக்கி மாட்டறேன். ஒரு நூல்கூட மாறலை!"

இந்தப் பேண்ட் பெருமையைக் கேட்காமல் அந்தக் கடையில் அளவு கொடுத்துவிட்டுப் போனவர் யாரும் கிடையாது. ஓரமாக உட்கார்ந்து சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

"நீங்களும் நாள் பூரா உக்காந்துதானேப்பா இருக்கீங்க?" என்றான் பையன்.

"நான் மெஷின் மிதிக்கிறேன்டா!"

"மோட்டார் மாட்டினதுக்கப்புறம் யாருப்பா மிதிக்கிறா?"

"மிதிக்கிற மாதிரி காலை வெச்சிருக்கேன்ல? அதுவும் வேலைதான்."

பேச்சு எடுபடவில்லை என்று அவருக்கே தெரிந்தது. யோசித்தார். ஊருக்கெல்லாம் உடம்பை மறைத்துத் தைக்கிற கை, பெற்ற பிள்ளைக்கு உடம்பைக் காட்டித் தைக்காதா? மனைவி காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, பையனுடைய பள்ளிக்கூடப் பேண்ட்டை எடுத்தார். பின்பக்கம் இடுப்பில் கால் இஞ்ச் பிடித்து ஒரு தையல் ஓட்டினார். பேண்ட் இறுகினால் பயம் வரும். பயம் வந்தால் ஓடுவான். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

மறுநாள் காலை செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தார். பையன் ஜாலியாகப் பட்டன் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் பிடித்தார். அப்போதும் அதே ஜாலி. இஞ்ச் டேப் மேலேயே சந்தேகம் வந்து புதிதாக ஒன்று வாங்கினார்.

ஆனால் மாதம் திரும்புவதற்குள் சாயங்காலங்களில் சோபா காலியாகக் கிடந்தது. பையன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினான். மூச்சு வாங்கவே இல்லை. தையல்காரருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பயல் வெளியில் காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் பயந்திருக்கிறான் என்று முடிவுகட்டி, தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் உறவில் ஒரு கல்யாணம் வந்தது. மனைவி வழக்கம்போல் அந்தப் பேண்ட்டைத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தாள். போட்டார். மூச்சை இழுத்தார். வயிற்றை இழுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். கொக்கி ஒரு பக்கமும் வளையம் ஒரு பக்கமுமாக நின்றன.

"அடியே! என் பேண்ட்டைப் பிடிச்சுத் தைச்சியா?"

"நானா? இந்த வீட்டுல பேண்ட் பிடிக்கிறது நீங்கதானே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உ... உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க தையல் எனக்குத் தெரியாதா? நீங்க பின்னாடி பிடிச்சீங்க, நான் முன்னாடி பட்டனைத் தள்ளித் தைச்சேன். வளர்ற பிள்ளை வயித்தை இறுக்கிக்கிட்டுப் பாடம் கேக்கணுமா?"

"அப்ப அவன் ஓடறது?"

"மைதானத்தை ஒட்டின வீட்டு அக்காவுக்குத் தைச்ச சட்டையைக் கொடுத்துட்டு வான்னு அனுப்பினேன். மறுநாள், பட்டன் விட்டுப்போச்சு, வாங்கிட்டு வான்னேன். அதுக்கு மறுநாள் திரும்பக் கொடுத்துட்டு வான்னேன். வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னவனை, ஆள் குறையுதுன்னு ஆட்டத்துல சேர்த்துக்கிட்டாங்க. இப்ப சட்டையே இல்லேன்னாலும் ஓடறான்."

தையல்காரர் சோபாவில் உட்காரப் போனார். பேண்ட் விடவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"அது போகட்டும். இந்தப் பேண்ட்டு? இத்தனை வருஷமா ஒரு நூல்கூட மாறாத பேண்ட்டு!"

மனைவி பேண்ட்டைக் கழற்றச் சொல்லி, உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். பின்தையல் நெடுக, பிரித்த தையலின் ஊசித் தடம் வரிவரியாக இருந்தது. அடுத்தவர் பேண்ட்டை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், தன்னுடையதை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

"வருஷா வருஷம் உள்மடிப்பைப் பிரிச்சு விட்டுக்கிட்டே வந்தேங்க" என்றாள்.

"அப்ப இந்த வருஷமும் விட வேண்டியதுதானே?" குரல் கீழே இறங்கிவிட்டது.

"உள்ள துணி தீர்ந்துபோச்சுங்க."