செருப்பைக் கழற்றிவிட்டு டேட்டாபேஸுக்குள் போனவர்

உலகத்திலேயே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு டேட்டாபேஸுக்குள் நுழைந்த ஒரே மனுஷி எங்கள் தூக்க அக்காதான். சத்தியமாகச் சொல்கிறேன், நானே பார்த்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடைக்கு மாடியில் ஞாயிறுதோறும் டேட்டாபேஸ் வகுப்பு. எட்வின் சார் டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வியை போர்டில் எழுதி, "இது ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது?" என்று கேட்பார். நாங்கள் எல்லாரும் கீபோர்டில் பாய்வோம். அக்கா மட்டும் செருப்பைக் கழற்றி, காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார்.

"அக்கா, தூங்காதீங்க!"

"தூங்கல சார். நடந்துக்கிட்டிருக்கேன்."

டேட்டாபேஸில் தகவல்களை வரிசையாக அடுக்கியிருக்கும் டேபிள் அவருக்கு ஒரு தெரு. ஒவ்வொரு வரிசையும் ஒரு வீடு. கேட்ட பெயரைத் தேடி ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தபடி அவர் நடந்துகொண்டிருப்பார். முகத்தில் மாடம்பாக்கத்து ஏரிக்காற்று வாங்குகிறவரின் சுகம். சார் மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார், டஸ்டரால் மேஜையைத் தட்டிப் பார்த்தார். அக்கா நிதானமாகக் கண்ணைத் திறந்து, "தெருமுனையில பேர்ப்பலகை இல்ல சார். அதான் லேட்டு" என்பார். அந்தப் பலகைக்குத்தான் இண்டெக்ஸ் என்று பெயர். பதில் சரியாக இருப்பதால் சாரால் திட்டவும் முடியாது.

அக்காவுக்கு வேலை திருமுடிவாக்கத்தில், பம்பு பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில். பல வருஷமாக பில் அடிப்பதும் போன் எடுப்பதும்தான். பழைய பில் ஒன்றைத் தேடச் சொல்லிவிட்டு முதலாளி டீ குடித்து, பேப்பர் படித்து, முகச்சவரமும் செய்து முடிப்பாராம். அக்கா ஒரு இண்டெக்ஸ் போட்டார். பில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு முதலாளி, "இனிமே கம்ப்யூட்டர் ரூம் உங்க பொறுப்பும்மா" என்றாராம்.

அங்கேதான் அக்காவுக்கு ஆசை பிடித்தது. பெயருக்கு, ஊருக்கு, லாரி எண்ணுக்கு, திருகாணி சைஸுக்கு என்று கண்ட இடத்திலெல்லாம் இண்டெக்ஸ் போட்டார். இண்டெக்ஸ் அதிகமானால் என்ன ஆபத்து என்று எட்வின் சார் ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லித் தந்திருந்தார். அன்று மட்டும் அக்கா நிஜமாகவே தூங்கிவிட்டார்.

மாதக் கடைசியில் அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஜெசி, கொஞ்சம் வாயேன். தனியா இருக்க பயமா இருக்கு." அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பட்டறை வாசலிலிருந்து மெயின் ரோடு வரை லாரிகள். புது பில் ஒன்றைப் பதிவதற்குள் யுகம் கழிந்தது.

"இன்னாமா, பில்லு வருமா வராதா? காலைலேர்ந்து நின்னுகினு கீறோம்!" என்று ஒரு டிரைவர் ஜன்னலைத் தட்டினார்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா பழைய மாதிரியே பண்ணிக்கலாம். நீங்க போன் மட்டும் எடுங்க, போதும்" என்றார் மெதுவாக.

அக்கா செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடினார்.

"ஐயோ, அம்மா மயக்கம் போட்டுச்சுபா!" என்று டிரைவர் அலற, முதலாளி சோடா பாட்டிலோடு ஓடிவந்து முகத்தில் அடித்தார். சோடா சொட்டச் சொட்ட அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே இல்லை. எங்கேயோ ஒரு நீளமான தெருவில், இளவெயிலில் போய்க்கொண்டிருந்தார்.

"ஜெசி," கண்ணைத் திறக்காமலே சொன்னார், "புதுசா ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோட வந்து நிக்குது. உள்ள போக விடாம, போய் எல்லாப் பலகையிலயும் பேர் எழுதிட்டு வான்னு துரத்துறாங்க. பாவம், குழந்தை அழுவுது."

"பலகையை எடுத்துடலாமாக்கா?"

"எடுத்துடு. பில் நம்பரும் பார்ட்டி பேரும் மட்டும் இருக்கட்டும்."

"பேக்கப்?"

"காலையிலயே எடுத்துட்டேன். அவ்வளவு மக்கா நான்?"

அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ஒவ்வொரு இண்டெக்ஸாகப் போனது. பிரிண்டர் இருமியது, பிறகு நிற்கவே இல்லை. வாசலில் முதல் லாரி கிளம்பிய சத்தத்துக்குத்தான் அக்கா கண்ணைத் திறந்தார். முதலாளி காலி சோடா பாட்டிலைப் பிடித்தபடி, "மேடம், அந்த ரூமுக்கு ஏசி போட்டுடலாமா?" என்றார். அதுவரை அவர் அக்காவை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று, பிறந்த நாளிலிருந்து தன் கதையை ஆரம்பித்தார் அக்கா. அஞ்சாங்கிளாஸ் வரை வந்திருப்பார், தாம்பரம் பஸ் வந்துவிட்டது. உட்கார இடமும் இருந்தது.

"அடுத்ததுல போலாம்க்கா" என்றேன்.