வயல் சும்மா கிடந்தால்

நாற்பத்தொன்பது வயது முடிவதற்குள் ஒரு குவாட் பைக் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். இதை என் மனைவி வானதியிடம் கேட்கப்போவதில்லை, சொல்லத்தான் போகிறேன் என்றும் தீர்மானித்தேன். இரண்டாவது தீர்மானம் காலைக் காபி ஆறும்வரை தாங்கியது.

குவாட் பைக் என்பது நாலு குண்டு டயர்களுக்கு நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் மாட்டிக்கொண்டது போல இருக்கும். மணல், சேறு, மேடு, பள்ளம் எதிலும் போகும். மஸ்கட்டில் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிற கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தேன். விழுந்தவர்களுக்கான இன்ஷூரன்ஸ் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதியவன் நான்தான். எந்த வளைவில் திரும்பினால் எந்த எலும்பு முறியும் என்று எனக்குத் தெரியும். அப்படி முறியும் என்று தெரிந்தும் ஏன் ஏறுகிறார்கள் என்பதுதான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒருமுறை ஏற வேண்டும். ஊழியர்கள் ஏறினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஏறாமலே ஊர் திரும்பினேன்.

ஊர், நீடாமங்கலத்துக்குப் பக்கம். நான் இல்லாத இருபது வருஷமும் ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, வானதிதான் பார்த்துக்கொண்டாள். அதற்கு முன்னும் நான் வயலில் இறங்கி வேலை பார்த்ததில்லை. போதாதென்று விசேஷ வீடுகளுக்கு அண்டா, நாற்காலி வாடகைக்கு விடும் தொழிலும் நடத்துகிறாள். திரும்பி வந்த எனக்கு அவள் இதுவரை எந்த வேலையும் ஒதுக்கவில்லை. அதனால்தான் ஆசைக்கு நேரம் கிடைத்தது.

"என்னங்க விலை?" என்றாள்.

"மூணு லட்சத்தைத் தொடும்."

"தொட்டுட்டு நிக்குமா, தாண்டுமா?"

"ஹெல்மெட், முழங்கால் கவசம் எல்லாம் சேர்த்தா கொஞ்சம் தாண்டும்."

"நாலு சக்கரம் எதுக்கு? மூணு சக்கரத்துல இல்லையா?"

"இருந்துச்சு. திரும்பும்போது கவுந்துடுதுன்னு பல ஊர்ல விக்கறதையே நிறுத்திட்டாங்க."

"நாலு சக்கரம் கவுழாதா?"

"கவுழும். ஆனா கொஞ்சம் யோசிச்சுக் கவுழும்."

அவள் தோசையைத் திருப்பினாள். அது கவிழவில்லை.

"சரி, வாங்கி எங்க ஓட்டுவீங்க? ரோட்டுலயா?"

"ரோட்டுல ஓட்டக் கூடாது. அதுக்கு நம்பரே தர மாட்டாங்க. இது ரோடு இல்லாத இடத்துல போற வண்டி."

"ரோடு இல்லாத இடத்துக்கு எது வழியா போவீங்க?"

"ரோடு வழியா... ஒரு லோடு ஆட்டோவுல ஏத்தி..."

"அதாவது, வண்டியை ஏத்திக்கிட்டுப் போக இன்னொரு வண்டி."

"ஆமா."

"அந்த லோடு ஆட்டோ ரோட்டுலயே போயிடுமா?"

"தாராளமா."

அவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். வாதத்தில் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அவள் அந்த நிமிஷம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் இடம் தேடக் கிளம்பினேன். வெண்ணாற்றில் மணல் இருந்தது. ஆனால் ராத்திரியில் வண்டி இறக்கினால் மணல் கடத்துகிறான் என்பார்கள். பகலில் இறக்கினால் மூளை கலங்கிவிட்டது என்பார்கள். இரண்டையும் மறுக்க என்னிடம் சாட்சி கிடையாது. அடுத்து வரப்பு. பக்கத்து வயல்காரர் வைரக்கண்ணு அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து அளந்தேன்.

"வரப்பு ஒன்றரை அடி இருக்கு தம்பி. உங்க வண்டி?"

"நாலடிண்ணே."

"மிச்ச ரெண்டரை அடி எங்க போகும்?"

"கொஞ்சம் என் வயல்ல, கொஞ்சம் உங்க வயல்ல."

"என் பக்கத்துச் சக்கரத்தை மட்டும் கழட்டிட்டு ஓட்டுங்களேன்."

அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் கொஞ்ச நேரம் அதை யோசித்தேன். நாலு சக்கரத்துக்கே நான் எழுதிய கடிதங்கள் நினைவுக்கு வந்தன. விட்டுவிட்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எதிரே சம்பா பச்சைப் பசேலென்று நின்றது. நிற்பது எப்போதும் நிற்குமா? ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

"வானதி! தை மாசம் அறுத்துட்டா வயல் சும்மாதானே கிடக்கும்? ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் நாலு மாசம் கட்டாந்தரை. நம்ம வயல், நம்ம வண்டி. யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது!"

அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னை அவள் அவ்வளவு கனிவாகப் பார்த்து நாளாகியிருந்தது.

"சரிங்க. அறுப்பு மெஷின் வயலை விட்டு ஏறுற அன்னைக்கு, வயல் சும்மா கிடந்தா வாங்கிக்குங்க. நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

"கிடக்கலன்னா?"

"கிடக்கலன்னா அதே பணத்துல எனக்கு ஒரு லோடு ஆட்டோ. வாடகை வண்டிக்கே என் வருமானத்துல பாதி போகுது."

"வயல் எங்க ஓடிப்போயிடும்? அங்கதானே கிடக்கும்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். பேச்சு மாற மாட்டீங்களே?"

வைரக்கண்ணு அண்ணனைக் கூப்பிட்டு அவர் முன்னிலையில் கைமேல் கை அடித்தேன். அவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்தேன்.

பொங்கல் கழிந்ததும் கதிர் பழுக்கத் தொடங்கியது. நான் தினமும் வரப்பில் நின்று, வண்டியை எங்கே திருப்புவது, எங்கே வேகம் பிடிப்பது என்று நெல்லைப் பார்த்துத் திட்டமிட்டேன். ஒருநாள் வானதி, "நீடாமங்கலத்துல ஒரு மூட்டை சொல்லி வெச்சிருக்கேன். ஸ்கூட்டர்ல எடுத்தாந்துடறீங்களா?" என்றாள். எடுத்து வந்தேன். கனத்தது.

"என்ன இது?"

"உளுந்துங்க."

"இருபத்தஞ்சு கிலோவா? ரெண்டு பேருக்கா?"

"ஏன், இட்லின்னா உங்களுக்குப் பிடிக்காதா?"

இருபது வருஷப் பிரிவை ஒரே மூட்டையில் ஈடுகட்டப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நெகிழ்ந்துபோய் அன்று ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். மறுநாள் வண்டி பார்க்கத் திருச்சிக்குப் போனேன். "நிதானமா ரெண்டு நாள் இருந்து பாருங்க, அவசரப்பட்டு ஏமாந்துடாதீங்க" என்று கட்டுச்சோறு கொடுத்து அனுப்பினாள். சிவப்பு வண்டி ஒன்றைப் பார்த்து, முன்பணம் தருவதாக வாய்ச்சொல்லும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அறுப்பு நாள் வந்தது. சக்கரத்துக்குப் பதில் பெல்ட் மாட்டிய அறுப்பு மெஷின் இரைந்துகொண்டே இறங்கி, நெல்லை வாரிக்கொண்டு, வைக்கோலைத் துப்பிவிட்டுக் கரையேறியது. முழங்காலுக்கு மேல் பேன்ட்டை மடித்துக்கொண்டு என் மைதானத்தில் கால் வைத்தேன். காலடியில் என்னவோ பச்சையாகத் தெரிந்தது. வைக்கோலை விலக்கினேன். இரண்டிரண்டு இலையாக, வயல் முழுக்க, ஒரு கை அகலம்கூட விடாமல்.

"அண்ணே, இது என்ன களை?"

"களையா? உளுந்து தம்பி!" வைரக்கண்ணு அண்ணன் இந்த முறை துண்டைத் தேடவில்லை. வெளிப்படையாகவே சிரித்தார். "அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடி, ஈரம் காயறதுக்குள்ள நெல்லுக்குள்ளேயே வீசிடறது. ஊரே வீசுது. நீங்க திருச்சி போன அன்னைக்குத்தான் உங்க வீட்டுல வீசுனாங்க. விதை நல்லா முளைச்சிருக்கு. நீங்களே தூக்கிட்டு வந்ததாமே?"

கடைசி முயற்சியாகக் கேட்டேன். "இவ்வளவு பெரிய மெஷின் ஏறியும் சாகலையே. அப்ப குவாட் பைக்கும் ஏறலாம்ல?"

"ஒரு தடவை ஏறினா ரெண்டு நாள்ல நிமிர்ந்துக்கும். தினம் ஏறுனா வானதி உங்களை நிமிர்த்திடும்."

வீட்டுக்கு வந்தேன். வானதி ஏற்கெனவே காபி கலந்து வைத்திருந்தாள்.

"இது ஏமாத்து வேலை."

"எதுங்க? நான் வருஷா வருஷம் வீசறதுதானே? மஸ்கட்டுக்கு உங்களுக்கு உளுந்து குடுத்து விடுவேனே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைச்சீங்க?"

"கடையிலேருந்து."

அவள் காபியை என் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, உளுந்தை எடுத்த பிறகு?"

"கோடை உழவு."

"அதுக்கு அப்புறம்?"

"குறுவைக்கு நாத்து விடணும்."

"வயலுக்கு லீவே கிடையாதா?"

"எனக்கே கிடையாது. வயலுக்கு எப்படிங்க?"

கைமேல் கை அடித்த பேச்சு. லோடு ஆட்டோ வந்தது. மூன்று சக்கரம். சிவப்புகூட இல்லை, மஞ்சள். சரி, வண்டி எதுவானாலும் ஓட்டப்போவது நான்தானே என்று சாவிக்குக் கை நீட்டினேன்.

"உங்க லைசென்ஸ் டூவீலருக்கு மட்டும்தானே?"

"ஆமா. உனக்கு?"

"நான் போன வருஷமே எடுத்துட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"வண்டி இல்லாம லைசென்ஸைப் பத்திப் பேசினா நல்லாவா இருக்கும்?"

முதல் சவாரி, அக்கரையில் மெஹராஜ் பேகம் அக்கா வீட்டு நிக்காஹ்வுக்கு. பின்னால் பிரியாணி அண்டாக்களும் அடுக்கிய நாற்காலிகளும் ஏறின. முன்னால் ஒரே ஒரு சீட். அதில் வானதி ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் எங்க உட்கார்றது?"

"பின்னாடி ஏறிக்குங்க."

இருபது வருஷ அனுபவம் பேசியது. "சரக்கு வண்டியில ஆள் ஏறக் கூடாது, வானதி. சட்டம் இருக்கு. ஆபத்து."

"ஆளா ஏறாதீங்க. அண்டாவைப் பிடிச்சுக்கறதுக்கு ஏறுங்க."

ஏறினேன். பாலத்தில் வேலை நடந்ததால் அடுத்த பாலத்துக்கு வாய்க்கால் கரை வழியாக விட்டாள். அங்கே ரோடு என்று எதுவும் இல்லை. வண்டி குதித்தது, சாய்ந்தது, சேற்றில் முனகி மீண்டும் பாய்ந்தது. முன்னாலிருந்து ஒரு உற்சாகக் கூச்சல் கேட்டது. என் மனைவியின் குரல் அப்படியும் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு பெரிய பள்ளத்தில் அண்டா என்னைக் கட்டிப்பிடித்தது. மெல்ல நகர்ந்து, அடுக்கியிருந்ததில் ஒரு நாற்காலியை உருவிப் போட்டுக்கொண்டேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள்.

"அதுல உட்காராதீங்க! அது வாடகைக்குப் போறது!"