ஆபத்தான வளைவுக்கு ஒரு வரவேற்பு

"குழியெல்லாம் எங்கய்யா?" என்று அலறினார் வால்டர்.

தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கோரமண்டலுக்குப் போகும் சாலையில், பள்ளிக்கூடத்தை ஒட்டிய வளைவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நேற்றுவரை அங்கே ஓர் எருமை படுத்துப் புரளும் அளவுக்குக் குழி இருந்தது. இன்று அந்த இடத்தில் தார் பளபளத்தது. ஓரத்துக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு. போதாததற்கு விசிலை வாயில் வைத்துக்கொண்டு விறைப்பாக ஒரு போலீஸ்காரர்.

"நான்தான் மூடவெச்சேன்" என்றார் ராஜப்பா, பெருமை தாங்காமல். சாலைப் பாதுகாப்புக் கமிட்டியின் தலைவர் அவர், ரிட்டயர்டு காண்ட்ராக்டர். "ராத்திரியோட ராத்திரியா, என் சொந்தக் கைக்காசு போட்டு! வெளிநாட்டுக்காரர் வர்றார், ரோடு அசிங்கமா இருந்தா ஊர் மானம் போகாதா? விருந்தாளி வந்தா நீங்க வீட்டப் பெருக்க மாட்டீங்களா?"

"தலைவரே, அவரு வர்றதே அசிங்கத்தப் பாக்கத்தான்!"

"ஸ்வல்ப தாளி, வால்டர். பொறுமையா இருங்க. முதல்ல மரியாதை, அப்புறம் ஆபத்து."

வால்டருக்கு அழுகை வராத குறை. ஃபாக்டரியில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் அவர். கமிட்டிக்குச் செயலாளரானது பதவி ஆசையால் அல்ல, பெண்டாட்டி லூயிசாவால். அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையும் மாலையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த வளைவைத் தாண்டுகிறவள் அவள்தான். போன மாதம் ஒரு லாரி அவள் கையிலிருந்த குடையை வாரிக்கொண்டு போனது. கைப்பிடி மட்டும்தான் அவளிடம் மிஞ்சியது. ஓர் அடி முன்னால் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் வால்டருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அப்போதுதான் ஒரு திட்டம் வந்தது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று, அரசாங்கம், ஊர்க்கமிட்டி, மூன்றும் கைகோத்து ஆபத்தான இடங்களைச் சரிசெய்வது. வியாழக்கிழமை நிபுணர் வருவார், வளைவைப் பார்ப்பார். ஆபத்து என்று அவர் மனதில் பட்டால் வேகத்தைக் குறைக்கும் ஹம்ப், விளக்கு, நடைபாதை எல்லாம் கிடைக்கும். படாவிட்டால் பணம் அடுத்த ஊருக்குப் போய்விடும். மாலை, நாற்காலி, சோடா என்று நேற்று முழுக்க வால்டர் ஸ்கூட்டரில் பறந்ததெல்லாம் அதற்காகத்தான்.

"லாரியாவது வரும் இல்ல?" என்று போலீஸ்காரரிடம் கேட்டார்.

"ஒண்ணும் வராது சார். எல்லாத்தயும் மேட்டுக்கு அந்தாண்டயே நிறுத்திட்டோம். விஐபி வர்றாருல்ல?"

வளைவோரம் டீக்கடை வைத்திருக்கும் மங்கம்மா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "தம்பி, உங்கிட்ட ஒரு சேதி..."

"டீ போடுக்கா, ஸ்பெஷலா. சேதி அப்பறம்."

அதற்குள் ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. உயரமான வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இறங்கினார். தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா, கையில் ஒரு பூங்கொத்து. விருந்தாளியே பூவோடு வருகிறாரே, இன்னா பண்பாடு என்று ராஜப்பா உருகிப்போய் மாலையைப் போட்டார். கிழவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வால்டர் விடவில்லை. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்த ஆங்கிலப் பிரசங்கத்தை அவிழ்த்துவிட்டார். விபத்து, வளைவு, குடை, கண்ணீர் என்று அது ஓடியது. கிழவர் மூன்று தடவை வாயைத் திறந்து மூன்று தடவை மூடினார். கடைசியில் அவரை டீக்கடை நிழலில் நாற்காலி போட்டு, சாலையைப் பார்த்த மாதிரி உட்கார வைத்தார்கள்.

சாலையோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச் மாதிரி அமைதியாகக் கிடந்தது.

வால்டர் நைசாக நழுவி, ஆட்டோக்கார ஏனோக்கைப் பிடித்தார். "ஏனோக்கு, நீ எப்பவும் ஓட்டுவ இல்ல, கண்ணு மண்ணு தெரியாம? அத மாதிரி ஒரு ரவுண்டு வா. பாக்கறவனுக்கு ஈரக்கொல நடுங்கணும்."

"இன்னாண்ணா இப்பிடிச் சொல்லிட்ட? நானா கண்ணு மண்ணு தெரியாம ஓட்றேன்?"

"ஊருக்கே தெரியும்டா. போடா!"

ஏனோக் மேட்டிலிருந்து சர்ரென்று கிளம்பத்தான் செய்தான். வளைவுக்கு வந்ததும் மாலையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் கண்ணில் பட்டார். அவ்வளவுதான். பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்து, இறங்கி ஒரு சல்யூட் வைத்து, ஆட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டே வளைவைத் தாண்டினான். கிழவர் எழுந்து நின்று பதில் சல்யூட் வைத்தார்.

"உன்ன நம்பினேன் பாரு!" என்று பல்லைக் கடித்தார் வால்டர்.

"பெரிய மனுசரு உக்காந்துகினு கீறாரு. எப்பிடிண்ணா வேகமா போறது?"

அடுத்து மாடு. மாடு மறிக்காத ரோடு எங்கே இருக்கிறது? கோரமண்டல் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த நாலு பசுக்களை வால்டர் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். மூன்று, சுண்ணாம்புக் கற்களை ஒட்டி ஓரமாக வரிசை கட்டிப் போய்விட்டன. நாலாவது நல்ல பசு, நட்ட நடுவில் படுத்தது. வால்டர் மனம் குளிர்ந்தார். ஆனால் வந்த சைக்கிளும் ஸ்கூட்டரும் பசுவைக் கண்டதும் மெதுவாகி, போகிறவர் இடப்பக்கமும் எதிரே வருகிறவர் அந்தப் பக்கமுமாக அழகாகப் பிரிந்து போனார்கள். போலீஸ்காரர் ஒருநாளும் சாதிக்காததைப் பசு படுத்த இடத்திலேயே சாதித்தது. கிழவர் அதைப் பல கோணத்தில் படம் பிடித்தார்.

"தம்பி, அந்தச் சேதி..." என்றாள் மங்கம்மா.

"யக்கா, உயிர வாங்காத. இன்னொரு டீ குடு அவருக்கு."

பள்ளிக்கூட மணி அடித்தது. லூயிசா பிள்ளைகளோடு வந்தாள். போலீஸ்காரர் இரண்டு கையையும் விரித்து விசிலை ஊத, பிள்ளைகள் வெள்ளைக்காரருக்குக் கையாட்டிக்கொண்டே ஒரே வரிசையில் தாண்டினார்கள். லூயிசா நேராகப் புருஷனிடம் வந்தாள்.

"இன்னாங்க இது, கல்யாண வீடு கணக்கா? இவ்ளோ நல்லா கீற ரோட்டுக்கு எவன் துட்டு குடுப்பான்? நாளைக்கு அந்தப் போலீஸ்காரரு வருவாரா? இந்த மாடு வருமா? நானும் இந்தப் புள்ளைங்களும்தான் வருவோம்!"

வால்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி யாரையும் நம்பிப் பயனில்லை. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி மேட்டுக்குப் போனார். அங்கிருந்து ஹாரனை அழுத்திக்கொண்டு, உடம்பைச் சாய்த்து, புயலாக வளைவில் இறங்கினார். ராஜப்பா கண்ணை மூடிக்கொண்டார். லூயிசா "ஏசுவே!" என்றாள்.

குழியில் ராத்திரி போட்ட தார் இன்னும் காயவில்லை; மற்றவர்களெல்லாம் மெதுவாக ஒதுங்கிப் போனதால் அது யாருக்கும் தெரியவில்லை. முன்சக்கரம் அதில் ஏறியதும் சொதக்கென்று இறங்கியது. பின்சக்கரமும் இறங்கியது. ஸ்கூட்டர், ஸ்டாண்டு போடாமலே, ஆடாமல் அசையாமல் நின்றது. மேலே வால்டர், இரண்டு கையும் ஹாண்டில்பாரில், கலெக்டர் ஆபீஸ் சிலை மாதிரி.

கிழவர் எழுந்து கை தட்டினார்.

தட்டிவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக முழுசாக ஒரு வார்த்தை பேசினார். இப்படி ஒரு வரவேற்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். தன் தாத்தா இந்த ஊர் மைன்ஸில் இன்ஜினியராக இருந்து இங்கேயே இறந்தவர் என்றார். அவருடைய கல்லறைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மிகவும் பணிவாகக் கேட்டார்.

தங்கவயலுக்கு வரும் வெள்ளைக்காரர் கல்லறைக்குத்தான் வழி கேட்பார். மற்ற நாளில் என்றால் ஆட்டோக்காரர்கள் கேட்காமலே அங்கே கொண்டுபோய் விடுவார்கள். இன்றைக்குப் பார்த்து ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை.

ஏனோக் அவரை மாலையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக, அம்பாசடர் பின்னாலேயே போனது. வால்டர் தாரிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து டீக்கடை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்ப நம்ம நிபுணர்?" என்றார் ராஜப்பா, சுரத்தே இல்லாமல்.

"வரமாட்டாரு. வந்தாலும் உங்க தாரப் பாத்துட்டுத் திரும்பிடுவாரு. போச்சி, எல்லாம் போச்சி." வால்டர் தார் ஒட்டிய செருப்பைக் கீழே போட்டார். லூயிசா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"ரோட்டுக்காரங்களயா தேட்றீங்க?" என்றாள் மங்கம்மா, டீயை ஆற்றிக்கொண்டே. "அவங்க நேத்து சாயங்காலமே வந்துட்டுப் போய்ட்டாங்களே."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"காலைலருந்து சொல்ல வர்றேன், எங்க வுட்ட? ஆப்பிரிக்காலருந்து ஒரு இன்ஜினியர் அம்மா, கூட பெங்களூர்ப் பையன் ஒருத்தன். சொல்லிட்டு வந்தா ரோடு வேஷம் கட்டிக்கும், அதான் ஒருநாள் முன்னாலயே வந்தோம்னு அந்தப் பையன் சொன்னான். ஹம்ப்பு, லைட்டு, ஓரமா நடக்கறதுக்குப் பாதை, அல்லாம் உண்டாம். மொத வேல இங்கதானாம்."

லூயிசா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. ராஜப்பா "தேவரே, கடவுளே!" என்று இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"எதப் பாத்துக்கா ஒத்துகினாங்க?" என்றார் வால்டர், நம்ப முடியாமல்.

"எவனோ ஸ்கூட்டர்ல பறந்துகினு வந்து, குழிய ஒதுக்க ஒரே வெட்டா வெட்டினான். அந்தம்மா பொத்துனு சாக்கடைல உழுந்துட்டாங்க. அவன் திரும்பிக்கூடப் பாக்கல. 'போதும், இதுக்கு மேல பாக்க ஒண்ணுமில்ல'ன்னு சேத்தோட எழுந்து வந்துட்டாங்க. நாந்தான் கழுவத் தண்ணி குடுத்தேன்."

வால்டர் துள்ளி எழுந்தார். வெல்டிங் இன்ஸ்பெக்டரும் கமிட்டிச் செயலாளரும் ஒன்றாக அவருக்குள் பொங்கினார்கள். "ஒரு பொம்பளய சாக்கடைல தள்ளிட்டு நிக்காம போயிருக்கானே, எவன் அவன்? பேரச் சொல்லுக்கா, இன்னிக்கே போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன்!"

மங்கம்மா டீ கிளாசை அவர் கையில் வைத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தம்மாவும் அதத்தான் கேட்டாங்க, தம்பி. கமிட்டி செக்ரெட்டரின்னு சொன்னா நல்லா இருக்காதேன்னு, தெரியாதுன்னுட்டேன்."